கடுக்காய்த் தண்ணியும் புழுநோயும்: தேனீக்குத் துவர்ப்பு மருந்தா?

கேள்வி, ஏற்காடு வாசகர்:
அண்ணா, நாகலூர் பக்கம் நாலு பெட்டி வெச்சிருக்கேன். அடுக்குத் தேனீதான். ரெண்டுல புழு சாகுது. "டானின் வைரஸைக் கட்டிப் போட்டுடும், கடுக்காய்க் கஷாயத்தைச் சர்க்கரைப் பாகுல கலந்து வைங்க, ஒரே வாரத்துல சரியாகும்"னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது. கடுக்காய் மரத்தடியில பெட்டி வெச்சா நோயே வராதுன்னும் அதுலயே போட்டிருக்கு. வைக்கலாமா?

பிப்ரவரி 9, காலை

வைக்காதீங்க தம்பி. முதல்ல புழு இருக்கிற தேனடையைப் படம் எடுத்துப் போடுங்க. செத்த புழு எப்படிக் கிடக்குன்னு தெரியணும்.

பிப்ரவரி 9, ராத்திரி

படம் பார்த்தேன். தாய்லாந்து சாக்புரூட்தான், புழுவைக் கொல்லுகிற வைரஸ் நோய். அறை மூடியில் சின்ன ஓட்டை, உள்ளே புழு நீட்டிப் படுத்திருக்கிறது, தலைப்பக்கம் மட்டும் நிமிர்ந்து பழுப்பாகிவிட்டது. ஒரு குண்டூசியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், தோல் கிழியாமல் தண்ணி கட்டின பை மாதிரி வெளியே வரும். புளித்த நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா நோய், அதற்கு வழி வேறு.

1991-92ல் தென்னிந்தியா முழுக்க நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீயைத் துடைத்துப் போட்டது இந்த வைரஸ்தான். 90 சதவீதத்துக்கு மேல் பெட்டிகள் காலி. இத்தாலியத் தேனீ இந்தப் பக்கம் காலூன்றியதே அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் இதற்கு மருந்து என்று ஒன்றும் கிடையாது. மருந்து இல்லாத நோய்க்குத்தான் வாட்ஸ்அப்பில் மருந்து அதிகம்.

கடுக்காய் விஷயத்துக்கு வருவோம். "டானின் வைரஸைக் கட்டும்" என்பது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். டானின், அதாவது செடியின் துவர்ப்புச் சரக்கு, புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வைரஸின் மேலுறையும் புரதம். கண்ணாடிக் குழாயில் வைரஸையும் டானினையும் சேர்த்து வைத்தால் வைரஸ் முடங்கும். ஆனால் டானினுக்கு இது வைரஸ் புரதம், இது தேனீக் குடலில் சுரக்கிற புரதம், இது ஈ தின்ற மகரந்தப் புரதம் என்று ஆள் பார்த்து ஒட்டத் தெரியாது. காய்ந்த கடுக்காய்த் தோலில் ஏறத்தாழ 30 சதவீதம் டானின். நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம் பட்டையோடு கடுக்காயையும் சேர்த்து ஊற வைப்பதே பச்சைத்தோலில் இருக்கிற புரதத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்தத்தான். அதே சரக்கைப் பாகில் கலந்து ஈக்கு ஊட்டப் போகிறோம்.

பிப்ரவரி 10

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது, இதுதான் முக்கியம்.

சாகிறது புழு. பாகைக் குடிக்கிறது வளர்ந்த ஈ. புழு நேராகப் பாகைக் குடிப்பதில்லை. வளர்ப்பு ஈக்கள் தலையில் இருக்கிற சுரப்பியிலிருந்து பால் மாதிரி ஒன்றைச் சுரந்து முதல் நாட்களில் அதைத்தான் ஊட்டும். அதற்கப்புறம்தான் தேனும் மகரந்தமும் கலந்த கலவை. செத்த புழுவை இழுத்துப் போடுகிற ஈயின் உடம்புக்குள் வைரஸ் போய் அந்தச் சுரப்பியில் சேர்ந்து, பால் வழியாக அடுத்த புழுவுக்குப் போகிறது. ஆனால் ஈ தின்கிற செடிச் சரக்கு அந்தச் சுரப்பியைத் தாண்டுவது குறைவு. வளர்ப்பு ஈயின் உடம்பு ஒரு வடிகட்டி. வைரஸ் புகுந்துவிடும் வழியில் கஷாயம் அவ்வளவாகப் புகாது. அப்படியென்றால் கஷாயம் எங்கே நிற்கும்? ஏற்கெனவே அரைகுறையாக வேலை செய்கிற வளர்ப்பு ஈயின் குடலில்.

பிப்ரவரி 11

ஆத்தூர் நண்பர் கேட்கிறார்: "அப்படின்னா கடுக்காய் மரத்துப் பூவுல உட்கார்ற ஈயெல்லாம் செத்துப் போகணுமே?"

நல்ல கேள்வி. மரத்தில் டானின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காய்த்தோலில், பட்டையில், இலையில். ஆடு மாடும் புழு பூச்சியும் கடிக்கிற இடத்தில். பூவின் மது ஆளைக் கூப்பிடுவதற்காகச் சுரப்பது, அதில் துவர்ப்பைக் கொட்டி எந்த மரமும் கடையை மூடிக்கொள்ளாது. துளி இருக்கும், அவ்வளவுதான். மகரந்தத்தில் கொஞ்சம் கூட இருக்கும், அதிலும் டானினைவிட அதன் சொந்தக்கார ஃபீனால் சரக்குகள்தான் அதிகம்.

அதனால் கடுக்காய் மரத்தடியில் பெட்டி வைத்தால் நோய் வராது என்பதும் போச்சு. சேர்வராயன் சரிவில் கடுக்காய் மரம் தானாக நிற்கிற இடங்களிலும் சாக்புரூட் வந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். மரத்தடியில் பெட்டி வைக்க நல்ல காரணம் நிழல்.

பிப்ரவரி 12

ஆவாரம்பூத் தேன் என்று சேலத்தில் பாட்டில் விற்கிறவரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆவாரம்பூவில் மதுவே கிடையாது ஐயா. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப் பை நுனியில் ஓட்டை வழியாக வரும். கருவண்டுத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உதறினால்தான் கொட்டும். நம் அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பாட்டிலில் இருப்பது வேறு ஏதோ.

பிப்ரவரி 16

டானின் தேனீக்குள் போகிற நிஜ வழி எது என்று இரண்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பூ இல்லை. தண்ணீர்.

காப்பித் தோட்டத்தில் கடைசிப் பழத்தை அரைத்துக்கொண்டிருந்தார்கள். பழத்தின் தொலி உரிக்கிற பல்ப்பர் எந்திரம் ஓடுகிற இடத்தில் போய் நின்றால் தெரியும். சிவந்த தொலி ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருக்கும், அதன் அடியிலிருந்து டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் கசிந்து வாய்க்காலில் போகும். அந்த ஈரக்கரையில் வரிசையாக நம் ஈக்கள். நாக்கை நீட்டி வயிறு விம்ம விம்மக் குடிக்கின்றன. பத்தடி தள்ளி நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் ஒன்றுகூட இல்லை.

காப்பித் தொலியில் டானின் உண்டு, கஃபீனும் உண்டு. அப்படியானால் ஈக்கு டானின் பிடிக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலித் தண்ணீரில் பழத்தின் வழுவழுப்போடு வந்த சர்க்கரை இருக்கிறது, உப்புச் சத்தும் இருக்கிறது. ஈ பொதுவாகவே தெளிந்த தண்ணீரை விட்டுவிட்டு மண் கலந்த, இலை ஊறிய, மாட்டுக் கொட்டகைத் தண்ணீரைத்தான் தேடும். சோடியம் வேண்டும் அதற்கு. துவர்ப்பு கூட வருகிற சரக்கு, அதைப் பொறுத்துக்கொள்கிறது.

வீட்டில் ஒரு சில்லறைச் சோதனை செய்தேன். துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றை நாலு டம்ளரில் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். கடுக்காய்த் தண்ணீர் காலையில் எழுதுகிற மை. தொலித் தண்ணீர் அழுக்குக் கறுப்பு. சில்வர் ஓக் இலை ஊறிய குட்டைத் தண்ணீர் லேசாகக் கறுத்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் துரு நிறம் மட்டும். வீட்டுக்காரம்மா டம்ளரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 17

மேலே போட்ட ஆணிச் சோதனையைப் பார்த்து இரண்டு பேர் தேனிலேயே ஆணியைப் போட்டுவிட்டு "டானின் தேன்" என்று படம் போட்டிருக்கிறார்கள். நிறுத்துங்கள். இரும்போடு சேர்ந்து கறுப்பது டானின் மட்டும் இல்லை, பலவகை ஃபீனாலும் கறுக்கும். டானின்தானா என்று பார்க்க முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி அதில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். புரதத்தைப் பிடித்துத் திரித்தால்தான் டானின். கடுக்காய்த் தண்ணீர் உடனே தயிராகத் திரிந்தது. குட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. தொலித் தண்ணீர் முதலிலேயே கலங்கல், அதில் என்ன திரிகிறது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கடுக்காய்த் தயிரைப் பார்த்தபிறகு பாகில் கலக்கிற ஆசை யாருக்கும் வராது.

பிப்ரவரி 20

பெங்களூரு நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், நான் அறிவியலுக்கு எதிரானவனாம். வெளிநாட்டு ஆய்வுகளில் செடிச் சரக்கு ஈயின் ஆயுளைக் கூட்டுகிறது என்று வந்திருக்கிறதாம்.

வந்திருக்கிறது. மறுக்கவில்லை. 2019ல் அமெரிக்காவில் கொலராடோவில் செய்தது: கஃபீன், காலிக் அமிலம், கேம்ப்ஃபெரால், பி-கூமாரிக் அமிலம் ஆகிய செடிச் சரக்குகளைச் சர்க்கரைத் தண்ணீரில் அளந்து கலந்து கூண்டில் இருந்த ஈக்களுக்குக் கொடுத்தார்கள். ஈக்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன, நோசீமா என்ற குடல் நோயையும் கொஞ்சம் நன்றாகத் தாங்கின. 2013ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று: மகரந்தத்தின் மேலோட்டில் இருக்கிற பி-கூமாரிக் அமிலம் ஈயின் நச்சு முறிக்கிற மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. வெறும் சர்க்கரைப் பாகு தின்கிற ஈக்கு அந்த எழுப்புதல் கிடைப்பதில்லை.

இதில் மூன்று விஷயத்தை கவனியுங்கள். ஒன்று, இவை டானின் இல்லை. காலிக் அமிலம் டானினைக் கட்டுகிற செங்கல், சுவர் இல்லை. இரண்டு, எல்லாம் இத்தாலியத் தேனீயில் செய்தது. மூன்று, நோசீமா வளர்ந்த ஈயின் குடலில் வருகிற நோய், சாக்புரூட் புழுவில் வருகிற வைரஸ். குடலில் இருக்கிறதைக் குடிக்கிற மருந்து தொடலாம், புழுவில் இருக்கிறதை எப்படித் தொடும்?

எனக்கு அந்த 2013 ஆய்விலிருந்து கிடைக்கிற பாடம் கஷாயம் கலப்பது இல்லை. பாகை நம்பிப் பெட்டி வளர்க்காதே, மகரந்தம் வருகிற இடத்தில் வை.

பிப்ரவரி 21

"புரொபோலிஸ்?" என்று ஒரே சொல்லில் ஒரு கேள்வி.

இடுக்கு அடைக்க இத்தாலியத் தேனீ சேர்க்கிற மரப்பிசின்தான் அது. அடுக்குத் தேனீ மரப்பிசின் சேர்ப்பதில்லை. இடுக்கு அடைக்க மெழுகுதான். இத்தாலியத் தேனீப் புத்தகத்தை நம் பெட்டிக்கு நேரடியாகப் பொருத்தவேண்டாம்.

மார்ச் 3

கேள்வி கேட்ட தம்பி நேற்று ஃபோன் பண்ணினார். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு முன்னாலேயே ஒரு பெட்டியில் கஷாயப் பாகு வைத்துவிட்டாராம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கின நாட்டு வெல்லம், கடுக்காய்ப் பொடி, "கெட்டுப் போகாம இருக்க" அரை மூடி எலுமிச்சம்பழம், மூன்றையும் போட்டு நன்றாகச் சுண்டக் காய்ச்சியிருக்கிறார். வைத்த இரண்டாம் நாள் பெட்டி முகப்பு முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் கழிச்சல்.

இதில் டானினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமுடியாது. புளிப்புச் சரக்கோடு சர்க்கரையைக் கொதிக்க வைத்தால் எச்.எம்.எஃப் என்ற ஒன்று உண்டாகும். நமக்குப் பெரிய தொந்தரவில்லை, ஈக்கு அது விஷம். கடுக்காய்க் கஷாயமே புளிப்பு, அதோடு எலுமிச்சை, அதோடு சுண்டல். வெல்லத்தில் ஈயால் செரிக்க முடியாத கசடு வேறு. தோசைக்கும் பொங்கலுக்கும் வெல்லம் அருமை. ஈக்கு வெள்ளைச் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தது, கொதிக்க வைக்காதது. வேறு ஒன்றும் சேர்க்காதீர்கள். எலுமிச்சை, வினிகர், மஞ்சள், துளசி, யூடியூப் எதுவும்.

மார்ச் 4

பாகுக் கிண்ணத்தை எடுத்துவிட்டாரா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிட்டார். ஈக்களே பாதிக்கு மேல் தொடாமல் விட்டிருந்தன. சோதனைகளிலும் இதுதான் தெரிகிறது: வெறும் சர்க்கரைத் தண்ணீரும் ஃபீனால் மிகுந்த தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஈ வெறும் சர்க்கரைக்குப் போகும். வேறு வழியில்லாவிட்டால்தான் துவர்ப்பைக் குடிக்கும். பெட்டிக்குள் பாகு வைக்கும்போது நாம் அந்த வேறு வழியைத்தான் அடைக்கிறோம்.

மார்ச் 19

மழை! பூ மழை. ராத்திரி ஒரு மணி நேரம் நல்ல அடி. இனி ஏறத்தாழ பத்து நாளில் காப்பி வெடிக்கும், இரண்டு மூன்று நாள் மலையே வெள்ளை. டானினைக் கொஞ்ச நாள் ஒத்திப் போடுகிறேன், பெட்டிக்கு மரச்சட்டம் கட்டுகிற வேலை இருக்கிறது.

மார்ச் 30

காப்பிப்பூ வாசம் நெஞ்சை அடைக்கிறது. பெட்டிகள் ஹூம் என்று இரைகின்றன.

தலைப்புக்குச் சம்பந்தமாக ஒன்று. காப்பிப்பூ மதுவில் கஃபீன் உண்டு, ஆரஞ்சு எலுமிச்சைப் பூ மதுவிலும் உண்டு. ஏற்காட்டில் இரண்டும் ஒரே தோட்டத்தில் நிற்கிறது. 2013ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு: கஃபீன் கலந்த மதுவைக் குடித்த ஈ அந்தப் பூ வாசனையை மறுநாள் நினைவில் வைத்திருக்கும் வாய்ப்பு மும்மடங்கு. ஆனால் பாருங்கள், அளவு ஈயின் நாக்குக்குக் கசப்புத் தெரியாத அளவு. கூடினால் ஈ திரும்பிப் பார்க்காது. செடி மதுவில் எந்தச் சரக்கைக் கலந்தாலும் இப்படித்தான் கலக்கும், விரட்டாத அளவில். காய்த்தோலில் கலப்பது விரட்டுகிற அளவில். கடுக்காய்க் கஷாயம் என்பது இரண்டாவதை முதலாவதின் இடத்தில் ஊற்றுவது.

செடி நல்லவன் என்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த ஓர் ஆய்வில் கஃபீன் குடித்த ஈக்கள் சுமாரான தீனி இருக்கிற இடத்துக்குக்கூட மற்றவர்களை ஆடி ஆடி அழைத்துப் போயின. ஏமாந்தது ஈ. நம் தோட்டத்து ஈயும் இந்த இரண்டு நாளாக வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6

தேயிலைத் தோட்டத்தில் பெட்டி வைக்கலாமா என்று நீலகிரியிலிருந்து ஒருவர். "டீயில டானின் அதிகம், அதான் புழு சாகுதுன்னு சொல்றாங்க."

புழு சாவது உண்மை. காங்க்ராவில் தேயிலைப் பூ மதுவைப் பற்றி 1986லேயே எழுதியிருக்கிறார்கள். சீனாவில் எண்ணெய்க்காக வளர்க்கிற தேயிலை இனத்தின் பூக்காலத்தில் புழு அழுகுவது பெரிய தலைவலி. ஆனால் அங்கே முதல் சந்தேகம் டானின் மேல் இல்லை. மதுவில் இருக்கிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், காலக்டோஸ் மாதிரியான சர்க்கரைகள் மேல்தான். புழுவால் அதைச் செரிக்கமுடியவில்லை. டீ என்றதும் டானின் என்று நமக்கு நாக்கு சொல்லிக் கொடுத்துவிட்டது, அது இலைக்குத்தான் பொருந்தும்.

பெட்டி வைக்கிறதாக இருந்தால் சுற்றிலும் வேறு பூ இருக்கிற ஓரத்தில் வையுங்கள். நடுத்தோட்டத்தில் வேண்டாம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வடை பாயசம் ஆச்சு, வந்தேன்.

நாவல் பூத்திருக்கிறது கன்னங்குறிச்சிப் பக்கம். நாவல் தேன் நாக்கில் லேசாகப் பிடிக்கும், நிறமும் கறுப்பு. இதைக் குடிக்கிற ஈக்கு என்ன ஆகிறது என்று ஆத்தூர் நண்பர் விடாமல் கேட்கிறார். ஒன்றும் ஆகவில்லை, பெட்டி கொழுக்கிறது. குளிர் நாடுகளில் கறுத்த தேனைக் குளிர்காலத் தீனியாக விடமாட்டார்கள். மாதக்கணக்கில் வெளியே போய்க் கழிக்க முடியாமல் உள்ளேயே கிடக்கிற ஈக்கு அது கழிச்சலைக் கொடுக்கும். இங்கே அந்த அடைப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேலே நாலைந்து நாள் மூடுபனியும் சாரலுமாகப் பிடித்துக்கொள்ளும்போது மட்டும் யோசிக்கலாம்.

பிப்ரவரியில் "வைக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்ததை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். யாராவது டானினை எடுத்து, அளந்து, அடுக்குத் தேனீயில், புழு இருக்கிற பெட்டியில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் ஒன்றும் வைக்காத பெட்டிகளையும் வைத்து ஒப்பிட்டால் நான் உட்கார்ந்து கேட்பேன். பொடி வாங்கி ஒரு கை அள்ளிப் போடுகிற கடுக்காயில் அந்த அளவு எங்கே இருக்கிறது? ஒரு கடை காய்க்கும் இன்னொரு கடை காய்க்குமே துவர்ப்பு வேறு. அதனால் வீட்டில் செய்யவேண்டாம் என்பது அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 15

பெங்களூரு நண்பர்: "இதைத்தான் நானும் சொன்னேன்."

சொல்லவில்லை. ஆனால் சமாதானம்.

ஏப்ரல் 27

தம்பியின் நாலு பெட்டிக் கணக்கு, பலர் கேட்டதால். கஷாயம் வைத்த பெட்டி ஓடிப்போய்விட்டது, ராணியோடு. கஷாயத்தாலா, நோயாலா, இரண்டும் சேர்ந்தா, ஒரு பெட்டியை வைத்து யாரும் சொல்லமுடியாது. நோய் வந்த இன்னொன்றில் ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம்போல முட்டை இடவிடாமல் வைத்தார். புது முட்டை இல்லை, அதனால் புதுப் புழு இல்லை, வைரஸுக்குத் தொத்த இடம் இல்லை. அந்த இடைவெளியில் ஈக்கள் செத்ததையெல்லாம் இழுத்துப் போட்டு அறைகளைத் துடைத்துவிட்டன. காப்பிப்பூவும் அதே சமயம் வந்தது, அதுவும் கை கொடுத்திருக்கும். நேற்று அவர் அனுப்பிய படத்தில் மூடிய புழு அடை சீராக இருக்கிறது, அங்கங்கே ஒன்றிரண்டு ஓட்டை மட்டும். நோய் வராத இரண்டும் நன்றாக இருக்கின்றன.

தம்பிக்கு: அந்த நல்ல பெட்டிகளில் எது அதிகமாகச் சுத்தம் பார்க்கிறதோ அதிலிருந்து ராணி அறை எடுத்து, தேறிவந்த பெட்டியின் ராணியை மாற்றிவிடுங்கள். பழைய ராணி வைரஸைத் தாங்காத வம்சம். ஓடிப்போன பெட்டியின் அடைகளை வேறு பெட்டிக்குக் கொடுக்காதீர்கள், உருக்கி மெழுகாக்குங்கள், சும்மா வைத்தால் மெழுகுப்புழு வரும். பெட்டிப் பலகையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் தேய்த்து நல்ல வெயிலில் நாலு நாள் போடுங்கள். மிச்சமிருக்கிற கடுக்காய்ப் பொடியை ராத்திரி நீங்களே வெந்நீரில் கலந்து குடித்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.

மே 2

கொளத்தூர் வாசகர் ராணிக் கூண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். கடையில் தேட வேண்டாம். தலைமுடி சுருட்டுகிற பழைய பிளாஸ்டிக் உருளை ஒன்று போதும், இரண்டு பக்கமும் கொசுவலைத் துண்டு கட்டினால் முடிந்தது. வலைக்கண் வழியாக வேலைக்கார ஈ ராணிக்கு ஊட்டுகிற அளவு இருக்கவேண்டும், ராணி வெளியே வரக்கூடாது. புழு அடைகளுக்கு நடுவில் தொங்கவிடுங்கள், ஓரத்தில் விட்டால் ராத்திரிக் குளிரில் ஊட்ட ஆள் இருக்காது.